ராம் கூட்டும் முன்பும் மாட்டிய பின்பும்: கணினியில் விளையாடுவோருக்கு

கணினி அப்போதைய வேலைக்கான தகவலை வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம்தான் ராம். கணினியில் விளையாட்டு தடுமாறத் தொடங்கியதும் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உள்ள கடைக்குப் போய், "ராம் கூட்டித் தாங்க அண்ணே" என்று கேட்பது நம் மாவட்டத்து இளைஞர்களிடம் வழக்கமாகிவிட்டது. கிராபிக்ஸ் கார்டு வாங்குவதைவிடச் செலவு குறைவு, பத்து நிமிட வேலை, விண்டோஸை மறுபடி ஏற்றவும் வேண்டாம் என்பதால் அந்த எண்ணம் முதலில் வருவது இயல்பே. ராம் போதாமல்தான் விளையாட்டு திணறுகிறது என்றால், கூட்டிய அன்றே வித்தியாசம் தெரியும். தடை வேறிடத்தில் இருந்தால் 32 ஜி.பி. போட்டாலும், திரையில் நொடிக்கு வரும் படங்களில், அதாவது பிரேம்களில், ஒன்றுகூட ஏறாது. எனவே கடைக்குக் கிளம்பும் முன் அளந்து பார்ப்பதுதான் முதல் வேலை.

தடை எங்கே இருக்கிறது

விளையாட்டை வழக்கமாகத் திணறும் இடம்வரை கொண்டுபோய், அரைமணி நேரமாவது ஆடிய பிறகு, கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். மெமரி, அதாவது ராம், 90 விழுக்காட்டைத் தாண்டி நிற்க, விளையாட்டு உறைந்து நிற்கும் அதே நொடிகளில் டிஸ்க் பயன்பாடு 100ஐத் தொடுகிறது என்றால், குற்றவாளி ராம்தான். ராமில் இடம் தீர்ந்ததும் விண்டோஸ் தன் சுமையில் ஒரு பகுதியை டிஸ்கில் உள்ள பேஜ் ஃபைலுக்கு இறக்கிவைத்து, தேவைப்படும்போது மறுபடி எடுத்துவருகிறது. ராமில் நானோ நொடிகளில் முடியும் வேலைக்கு எஸ்.எஸ்.டி. மைக்ரோ நொடிகள் எடுத்துக்கொள்ளும்; பழைய ஹார்ட் டிஸ்க்கோ மில்லி நொடிகள் எடுத்துக்கொள்ளும். வண்டியில் வேகமாகத் திரும்பும்போதோ, புதிய இடத்துக்குள் நுழையும்போதோ திரை ஒரு கணம் நின்று பின் துள்ளி ஓடுவது இதனால்தான்.

மெமரியில் பாதி காலியாக இருக்கிறது, ஆனால் கிராபிக்ஸ் கார்டு 97, 98 விழுக்காட்டில் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால் ராமைத் தொட வேண்டாம். அங்கே விளையாட்டின் தெளிவுத்திறனையும் நிழல் அமைப்புகளையும் குறைப்பதே செலவில்லாத வழி. கிராபிக்ஸ் கார்டுக்குள் இருக்கும் விராம் என்னும் தனி நினைவகம் நிரம்பி வழிவதையும் கணினி ராமால் ஈடுகட்ட முடியாது. பொருள்களின் மேற்பரப்புப் படங்களின் நுணுக்கத்தைக் கட்டுப்படுத்தும் டெக்ஸ்சர் அமைப்பை ஒரு படி இறக்கினால் அது சரியாகிவிடும். எதிராளி திடீரென்று இடம் மாறித் தோன்றுவதும், சுட்ட குண்டு காலம் தாழ்த்திப் பதிவாவதும் இணைய இணைப்பின் கோளாறு. எல்லாவற்றையும் 'லேக்' என்ற ஒரே சொல்லால் சொல்லிப் பழகிவிட்டதால், பிங், அதாவது இணையத்தில் தகவல் போய்வரும் நேரம், ஏறியதற்கு ராம் வாங்கிய கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

அளவில் எவ்வளவு வேண்டும் என்பது ஆடும் விளையாட்டைப் பொறுத்தது. வேலரன்ட் 4 ஜி.பி.யிலேயே தொடங்கும் என்று அதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். ஆனால் விண்டோஸ் 11, ஒரு பிரவுசர், பேசுவதற்கு டிஸ்கார்ட் ஆகியவை சேர்ந்தால் 8 ஜி.பி.யே மூச்சுத் திணறும். சைபர்பங்க் 2077 விளையாட்டுக்கான குறைந்தபட்சத் தேவை 2023ஆம் ஆண்டில் 12 ஜி.பி.யாக உயர்த்தப்பட்டது. ஹாக்வார்ட்ஸ் லெகசி குறைந்தபட்சமே 16 ஜி.பி. கேட்கிறது. இன்றைக்கு விளையாடுவதற்கென்றே கணினி வைத்திருப்பவருக்கு 16 ஜி.பி. அடிப்படை என்று கொள்ளலாம். விளையாடியபடியே ஒளிபரப்புகிறவர்களும் வீடியோ வெட்டுகிறவர்களும் 32 ஜி.பி.க்குப் போகலாம். அதற்கு மேல் விளையாட்டுக்காகச் செலவிடுவது வீண் என்பது என் கருத்து.

2011ஆம் ஆண்டு தொடங்கிய அரசுத் திட்டத்தில் கிடைத்த பழைய இலவச மடிக்கணினிகள் பல வீடுகளில் இன்னும் ஓடுகின்றன. எழுத்து வேலைக்கும் பாடம் பார்க்கவும் அவற்றில் ராம் கூட்டுவது பயன் தரும், விளையாட்டுக்காக வேண்டாம். அவற்றின் புராசசரே இன்றைய விளையாட்டுகளுக்கு ஈடுகொடுக்காது.

ஒன்றா, இரண்டா

ராம் சில்லுகள் பதித்த பட்டையை ஸ்டிக் என்பார்கள், அதை மாட்டும் இடம் ஸ்லாட். கடையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"பதினாறு ஜி.பி. ஒரே ஸ்டிக்கா தரட்டுமா தம்பி? பின்னாடி இன்னொண்ணு போட்டுக்கலாம்லா."

"ரெண்டு எட்டா போட்டா வேகம் கூடும்னு சொல்லுதாங்களே அண்ணே?"

இதில் தம்பியின் பக்கமே நியாயம் அதிகம். புராசசரிலிருந்து ராமுக்கு இரண்டு தடங்கள் செல்கின்றன. ஒரே ஸ்டிக் மாட்டினால் ஒரு தடம் வெறுமனே கிடக்கும். வடசேரி நிலையத்தில் ஒரே வாசல் உள்ள பேருந்தும் இரண்டு வாசல் உள்ள பேருந்தும் அருகருகே நின்றால், இருக்கைகள் ஒரே எண்ணிக்கையில் இருந்தாலும் ஆள் ஏறி இறங்கும் வேகம் ஒன்றாக இருக்காது அல்லவா? கணக்காகச் சொன்னால், டிடிஆர்4 3200 வகை (டிடிஆர்4 என்பது தலைமுறை, 3200 என்பது வேக எண்) ஸ்டிக் ஒன்று நொடிக்கு 25.6 ஜி.பி. வரை தகவலைக் கடத்தும். இரண்டு தடத்திலும் மாட்டினால் அது 51.2 ஆகிறது.

தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் இந்த வேறுபாடு பெரும்பாலும் குறைந்தபட்ச எஃப்.பி.எஸ். (நொடிக்கு வரும் பிரேம்களின் எண்ணிக்கை) அளவில்தான் தெரியும், தனி கார்டு இல்லாத கணினியில் ஆட்டத்தின் போக்கே மாறிவிடும். நம் பகுதியில் கல்லூரிப் படிப்புக்கென்று வாங்கப்படும் கணினிகளில் கணிசமானவை ரைசன் 5 5600ஜி போன்ற, புராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் அடங்கியவை. அவற்றுக்கென்று விராம் கிடையாது. கணினி ராமையே பங்குபோட்டுக்கொள்கின்றன. எனவே ராமின் தடம் இரட்டித்தால் கிராபிக்ஸின் வேகமும் கூடுகிறது. சில விளையாட்டுகளில் எஃப்.பி.எஸ். பாதிக்கு மேல் உயர்வதும் உண்டு. இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ என்னும் உள்கிராபிக்ஸ் கொண்ட மடிக்கணினியில் ஒரே ஸ்டிக் இருந்தால் விண்டோஸ் அதை வெறும் யு.எச்.டி. கிராபிக்ஸ் என்றே காட்டும்; இரண்டாவது ஸ்டிக் ஏறிய பிறகுதான் முழுப் பெயர் தெரியும். இத்தகைய கணினி வைத்திருப்பவர் வாங்கக்கூடியவற்றில் இரண்டாவது ஸ்டிக்கைப் போலக் கொடுத்த பணத்துக்குப் பலன் தருவது வேறெதுவும் இல்லை.

நான்கு ஸ்லாட்டையும் நிரப்பிவிடலாமே என்று தோன்றலாம். டிடிஆர்4 இல் அது பெரும்பாலும் ஓடிவிடும். டிடிஆர்5 இல் நான்கு ஸ்டிக் மாட்டினால் புராசசரின் மெமரி கன்ட்ரோலருக்குச் சுமை கூடி வேகம் சரிந்துவிடும். ரைசன் 7000 வரிசைக்கு இரண்டு ஸ்டிக்குடன் 5200 என்று சொல்லும் ஏ.எம்.டி. நிறுவனம், நான்கு ஸ்டிக்குடன் 3600 மட்டுமே உறுதியளிக்கிறது.

எதை வாங்குவது

தலைமுறை பொருந்த வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்பே இல்லை. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவற்றில் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று ஏறாது. மேசைக் கணினிக்கான டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 பின்கள் இருந்தாலும், அடிப்பகுதியில் உள்ள வெட்டின் இடம் சற்று விலகியிருக்கும். மின்னழுத்தமும் முன்னதற்கு 1.2 வோல்ட், பின்னதற்கு 1.1 வோல்ட் என வேறுபடும். மடிக்கணினிக்கானது நீளத்தில் ஏறத்தாழப் பாதியாக இருக்கும் தனி வகை. அண்மையில் வந்த மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ராம், கணினியின் தாய்ப்பலகையான மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட் உள்ளன, எத்தனை நிரம்பியுள்ளன என்று இருக்கும் வரியைப் பார்த்துவிட்டு, மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் தளத்திலும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வேகத்தைப் பொறுத்தவரை மதர்போர்டு எதை அனுமதிக்கிறதோ அதுதான் எல்லை. எச்310, எச்410, பி460 போன்ற இன்டெல் போர்டுகளில் ஐ5 புராசசருடன் 2666க்கு மேல் ஓடாது. 3200 வகையை மாட்டினால் பழுது ஒன்றும் வராது, ஆனால் கூடுதல் வேகத்துக்குக் கொடுத்த பணம் தூங்கும். பி560 போர்டிலோ ரைசனுக்கான பி450, பி550 போர்டுகளிலோ அந்தத் தடை இல்லை. ரைசன் 5000 வரிசைக்கு 3200 அல்லது 3600, ரைசன் 7000 வரிசைக்கு 6000 என்பவை விலைக்கும் பலனுக்கும் இடையில் நல்ல நடுவிடங்கள்.

பெட்டியில் வேகத்துக்குப் பக்கத்தில் சி.எல். என்று ஓர் எண் இருக்கும். அதை 2000 ஆல் பெருக்கி, வேக எண்ணால் வகுத்தால் ராம் முதல் பதில் தர எடுக்கும் நேரம் நானோ நொடியில் கிடைக்கும். 3200 சி.எல்.16 என்றால் 10, 6000 சி.எல்.30 என்றாலும் 10. ஆனால் 2666 சி.எல்.19 என்றால் 14க்கு மேல். குறையக் குறைய நல்லது. ஒரே விலையில் இரண்டு பெட்டிகள் முன்னால் இருக்கும்போது இந்தக் கணக்கைக் கைபேசியில் போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். பளபளக்கும் வண்ண விளக்குகளால் எஃப்.பி.எஸ். கூடுவதில்லை.

விலை பற்றியும் சொல்லியாக வேண்டும். உலகின் ராம் சில்லுகளில் பெரும்பங்கைத் தயாரிப்பவை சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களே. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் அவற்றின் உற்பத்தியை உறிஞ்சத் தொடங்கியதால் 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வீட்டுக் கணினிகளுக்கான ராம் விலை கடுமையாக ஏறியது. இதனால் பழைய ஸ்டிக்கை வாங்குவோரும் பெருகியுள்ளனர். நகரும் பாகம் எதுவும் இல்லாததால் பழைய ராம் வாங்குவதில் தவறில்லை. கடையிலேயே ஒரு கணினியில் மாட்டி, சிபியு-இசட் மென்பொருளின் எஸ்.பி.டி. பக்கத்தில் தெரியும் தயாரிப்பாளர் பெயரும் வேகமும் ஸ்டிக்கின் மேல் ஒட்டியிருக்கும் தாளோடு ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். இணையத்தில் பாதி விலைக்கு வரும், 'ஏ.எம்.டி. போர்டுகளுக்கு மட்டும்' என்று ஒரு மூலையில் எழுதியிருக்கும் டிடிஆர்3 ஸ்டிக்குகள் இன்டெல் போர்டில் ஓடாது.

புதியதாக வாங்கினால், திருவனந்தபுரத்தில் வாங்கினாலும் சரி, உள்ளூரில் வாங்கினாலும் சரி, சீரியல் எண் எழுதிய ஜி.எஸ்.டி. பில்லைக் கேட்டுப் பெறுங்கள். ராமுக்கான உத்தரவாதம் பல ஆண்டுகள் நீளக்கூடியது. பில் தொலைந்தால் அந்த உத்தரவாதமும் தொலைந்தது. ஏற்கெனவே உள்ள ஸ்டிக்குக்கு இணையாக ஒன்று சேர்ப்பதென்றால் அதே நிறுவனம், அதே வேகம், அதே சி.எல். கிடைத்தால் நல்லது. வேகம் மாறுபட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்திலேயே ஓடும்.

மாட்டும் வேலை

கணினியை முறையாக நிறுத்தி, எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கிப் பெட்டியின் பின்புறச் சுவிட்சை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வெளியேறிவிடும். கேபினெட்டைத் திறந்ததும் பெயின்ட் அடிக்காத இரும்புப் பகுதியைத் தொட்டுக்கொள்ள வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் மிகுதி என்பதால் நிலைமின் ஆபத்து வறண்ட ஊர்களைவிடக் குறைவுதான். குளிரூட்டிய அறையில் அப்படிச் சொல்ல முடியாது. மடிக்கணினி என்றால் பின்மூடியைக் கழற்றியவுடன் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டே அடுத்த வேலை.

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் உள்ளவர்கள் இந்த இடத்தில் கூடுதலாக ஐந்து நிமிடம் செலவிட வேண்டும். உப்புக் காற்று படியும் வீடுகளில் கேபினெட் திருகுகள் இரண்டு மழைக்காலத்துக்குள் பழுப்பேறிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். ராமின் தொடுமுனைகளில் பூசியிருக்கும் தங்கம் துருப்பிடிக்காது என்றாலும், பூச்சு மிக மெல்லியது. அதன் நுண்துளைகள் வழியே அடியில் உள்ள நிக்கலும் செம்பும் அரிக்கப்பட்டு, முனை மங்கிப் புள்ளி விழும். சில வேளைகளில் ஸ்டிக்கைக் கழற்றி மாட்டினாலே நின்றுபோன கணினி உயிர் பெறுவதற்குக் காரணம் இதுவே. முனைகளை அழிரப்பரால் தேய்ப்பது பழுதுபார்ப்போரிடம் உள்ள பழைய பழக்கம். அழுத்தித் தேய்த்தால் தங்கப்பூச்சும் சேர்ந்து போகும், ரப்பர்த் துகள் ஸ்லாட்டுக்குள் விழும். நூல் பிரியாத துணியை ஐசோபுரோப்பில் ஆல்கஹாலில் சிறிது நனைத்து ஒரே திசையில் துடைத்து, முழுவதும் உலரவிடுவதே நல்லது. கை கழுவும் சானிடைசர் கூடாது. அதில் உள்ள கிளிசரினும் வாசனைப் பொருளும் படிந்துவிடும். ஸ்லாட்டுக்குள் தூசி இருந்தால் காற்றடிக்கும் பம்பால் ஊத வேண்டும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ஸ்டிக் மாட்டும்போது புராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும் பெரும்பாலும் சரியான இடங்கள். போர்டில் அவற்றின் பக்கத்தில் ஏ2, பி2 என்று அச்சாகியிருக்கும். அடுத்தடுத்த ஸ்லாட்டில் மாட்டிவிட்டால் இரண்டும் ஒரே தடத்தில் போய்ச் சேரும். வாங்கியதன் பயன் பாதியாகும். ஸ்லாட்டின் கொக்கியைத் திறந்து, ஸ்டிக்கின் வெட்டும் ஸ்லாட்டின் மேடும் நேராக அமைகின்றனவா என்று பார்த்து, இரண்டு பெருவிரல்களாலும் இரு முனையிலும் சமமாக அழுத்துங்கள். கொக்கி தானாக எழுந்து 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். பல போர்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே கொக்கி இருப்பதால், கொக்கியில்லாத முனை அரைகுறையாக ஏறி நிற்பதை எளிதில் கவனிக்கத் தவறிவிடுவோம். தங்க முனைகள் வெளியே தெரியாமல் முழுவதும் உள்ளே போயிருக்க வேண்டும். முதல்முறை செய்பவருக்கு இந்த அழுத்தம் பயமாகவே இருக்கும். போர்டு சற்று வளைவதைப் போலத் தெரியும். நேராக வைத்து அழுத்தினால் உடையாது.

மாட்டிய பின்

மின்சாரம் கொடுத்ததும் திரை கறுப்பாகவே இருந்தால் உடனே அணைக்க வேண்டாம். புதிய ராமின் இயல்பைப் போர்டு சோதித்துப் பழகிக்கொள்ள நேரம் எடுக்கும்; டிடிஆர்5 போர்டுகளில் இதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். பத்து நிமிடத்துக்குப் பிறகும் படம் வரவில்லையென்றால், அணைத்து, ஒரே ஸ்டிக்கை மட்டும் ஏ2 இல் வைத்துப் பாருங்கள். பின் அடுத்ததை அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். இதிலேயே கோளாறு ஸ்டிக்கிலா ஸ்லாட்டிலா என்பது தெரிந்துவிடும். இரண்டிலும் வரவில்லையென்றால் மின்கம்பியை எடுத்துவிட்டு, போர்டில் உள்ள வட்ட பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்து மாட்டினால் பழைய அமைப்புகள் அழிந்து புதிதாகத் தொடங்கும்.

கணினி ஓடத் தொடங்கியதும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். பெட்டியில் எழுதியிருக்கும் 3200, 3600, 6000 போன்ற வேகங்களில் பெரும்பாலான ஸ்டிக்குகள் தாமாக ஓடுவதில்லை. பாதுகாப்பான தொடக்க வேகமான 2133, 2400 அல்லது 4800 இல் நின்றுவிடும். கணினி தொடங்கும்போது டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி, போர்டின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸுக்குள் போய், எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பை இயக்க வேண்டும். ஏ.எம்.டி. போர்டுகளில் அது எக்ஸ்போ என்றோ, ஏசஸ் போர்டில் டி.ஓ.சி.பி. என்றோ இருக்கும். புதிய ராமே வாங்காமல், ஆண்டுக்கணக்கில் அணைந்து கிடந்த இந்த ஒரே அமைப்பை இயக்கியதாலேயே விளையாட்டு சீரான கணினிகள் உண்டு. ஆகவே டாஸ்க் மேனேஜரில் வேகத்தைப் பார்த்துவிட்டு, கடைக்குப் போகும் முன்பே இதைச் செய்து பார்ப்பது சிக்கனம். சிபியு-இசட் காட்டும் எண் பாதியாக இருந்தால் கலங்க வேண்டாம். ஒரு துடிப்புக்கு இரு முறை தகவல் கடப்பதால் அங்கே 1600 என்றால் 3200 என்றே பொருள்.

பயாஸ் மென்பொருளையே புதுப்பிக்கச் சொல்லி யாராவது அறிவுரை சொன்னால், இடி மின்னலோடு மழை பெய்யும் மாலையில் அதைத் தொடாதீர்கள். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் இது. புதுப்பிப்பின் நடுவில் மின்சாரம் போனால் போர்டே முடங்கலாம். யு.பி.எஸ். இருந்தால் அதன் வழியாகச் செய்யுங்கள். விண்டோஸில் டிஸ்கைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கர் இயங்கினால் அதன் மீட்புக் குறியீட்டை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்.எம்.பி. இயக்கிய அன்றிரவே மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒரு பென்டிரைவில் ஏற்றி, கணினியை அதிலிருந்து தொடங்கி, நான்கு சுற்றும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். பிழை வந்தால் எக்ஸ்.எம்.பி.யை அணைத்து மறுபடி ஓட்டுங்கள். அப்போது சுத்தமாக முடிந்தால் வேகத்தை ஒரு படி குறைத்து வைத்துக்கொள்ளலாம், அப்போதும் பிழை வந்தால் பில்லோடு கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டியதுதான். சோதிக்காமல் விட்டால், நீலத்திரையும் விளையாட்டு நடுவில் மூடிக்கொள்வதும் பிறகு காரணம் தெரியாமல் வந்துகொண்டே இருக்கும்.

கடைசியாக, முன்பு அளந்த அதே விளையாட்டில், அதே இடத்தில், அதே அமைப்புகளோடு மறுபடி அளந்து பாருங்கள். சராசரி எஃப்.பி.எஸ். பெரிதாக மாறாமல் இருக்கலாம், எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருள் காட்டும் '1 விழுக்காட்டுக் குறைந்தபட்சம்' என்ற எண்ணை, அதாவது மிக மெதுவாக வந்த 1 விழுக்காட்டுப் பிரேம்களின் எஃப்.பி.எஸ். அளவை, கவனியுங்கள். ராம் கூட்டியதன் பலன் முதலில் தெரிவது அந்த எண்ணில்தான். கழற்றிய பழைய ஸ்டிக் நல்ல நிலையில் இருந்தால், புதியது வந்த உறையிலேயே இட்டு வைத்திருங்கள். இன்றைய விலையில் அதையும் கேட்டு வாங்க ஆள் இருக்கிறது.